கோடா, புள்ளியா, நிழலா? டிவி ட்யூனர் கார்டில் படம் கெடும்போது

கம்ப்யூட்டரில் டிவி ட்யூனர் கார்டு போட்டுப் படம் பார்ப்பவர்களின் புகார் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "படம் சரியா வரலை." கிடைக்கும் பதிலும் வழக்கமானதுதான். டிரைவரை மாற்று, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் போடு, இல்லையென்றால் கார்டையே மாற்று. மூன்றையும் செய்துவிட்டு அதே கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். காசை இறக்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. திரையில் தெரியும் கோளாறை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். அது குறுக்கே கிடக்கிறதா, சாய்ந்து நிற்கிறதா? எல்லாச் சேனலிலும் வருகிறதா, ஒன்றில் மட்டும்தானா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், இடையூறு எந்த வழியாக உள்ளே வருகிறது என்பது பாதிக்கு மேல் தெரிந்த மாதிரிதான்.

முதலில் அனலாக் சிக்னலைப் பார்ப்போம். ஆன்டெனாவிலிருந்தோ கேபிளிலிருந்தோ வரும் பழைய முறை ஒளிபரப்பு, செட்டாப் பாக்ஸின் மஞ்சள் பின் வழியாக வரும் வீடியோ, பழைய வீடியோ டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் இதில் அடங்கும். டிஜிட்டல் ட்யூனரின் குணமே வேறு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

படம் எப்படி வரையப்படுகிறது

அனலாக் டிவியில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று இரண்டு முறைகளைப் பார்ப்போம். பால் முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 வரிகள், வினாடிக்கு 25 படங்கள். என்டிஎஸ்சி முறையில் 525 வரிகள், வினாடிக்கு ஏறக்குறைய 30 படங்கள். ஒவ்வொரு வரியும் இடமிருந்து வலமாக வரையப்படும். ஒன்று முடிந்ததும் அதற்குக் கீழே அடுத்தது. பால் முறையில் ஒரு வரிக்கு 64 மைக்ரோ வினாடி ஆகிறது. அதில் 52 மைக்ரோ வினாடிதான் கண்ணுக்குத் தெரியும் பகுதி.

கேபிளில் வருவது வெறும் ஏற்ற இறக்கமான மின்னழுத்தம்தான். எது படம், எது வெளியிலிருந்து கலந்த குப்பை என்று அனலாக் கார்டுக்குத் தெரியாது. வந்ததை அப்படியே வரைந்துவிடும். கலந்த குப்பை மெதுவாக மாறக்கூடியதாக இருந்தால், அது ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் பல நூறு வரிகள் வரையப்பட்டுவிடும். அதனால் திரையில் அகலமான குறுக்குப் பட்டை தெரியும். வேகமாக மாறக்கூடியதாக இருந்தால், ஒரே வரிக்குள்ளேயே பலமுறை ஏறி இறங்கும். அப்போது நெட்டுக்குத்தான கோடுகளோ சாய்வுக் கோடுகளோ வரும். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 அல்லது 60 முறைதான் மாறுகிறது. ரேடியோ அலைகள் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் மாறுகின்றன. ஆகவே குறுக்குப் பட்டை என்றால் கரண்ட் பக்கம் தேடுங்கள், சாய்வுக் கோடு என்றால் ரேடியோ பக்கம் தேடுங்கள். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிடப் பயனுள்ள சூத்திரம் வேறு கிடையாது.

குறுக்குப் பட்டை

திரையில் ஒரு மங்கலான பட்டை, கொஞ்சம் கருப்பாகவோ வெளுப்பாகவோ, மெதுவாக மேலேயோ கீழேயோ நகர்ந்துகொண்டே இருக்கும். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற இரைச்சலும் சேர்ந்து வரலாம். பால் படம் வினாடிக்கு 50 முறை மேலிருந்து கீழே வரையப்படுகிறது (ஒருமுறை ஒற்றைப்படை வரிகள், ஒருமுறை இரட்டைப்படை வரிகள்). மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ் என்றால் பட்டை கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் உள்ள நூலிழை வித்தியாசத்தால்தான் அது ஊர்கிறது. என்டிஎஸ்சியில் இந்த வேகம் 59.94, மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்றால் பட்டை திரையை ஒரு சுற்று கடக்க ஏறக்குறைய 17 வினாடி ஆகும்.

பட்டைகளை எண்ணுங்கள். ஒரே ஒரு பட்டை என்றால் மின்சாரம் நேராகக் கலக்கிறது; பெரும்பாலும் எர்த் பிரச்சினை. இரண்டு பட்டை என்றால் மின்சாரத்தின் இரண்டு மடங்கு அலைவெண், அதாவது 100 அல்லது 120 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக மாற்றும் இடத்தில் மிச்சம் வைக்கும் அதிர்வு அது. பூஸ்டருடைய அடாப்டரிலோ செட்டாப் பாக்ஸின் பவர் சப்ளையிலோ கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். அதே வோல்டேஜ், அதே முனை அமைப்பு, போதுமான ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எர்த் விஷயம் இப்படி நடக்கிறது. டிவி கேபிளின் வெளிப் பின்னல் கட்டடத்தில் எங்கோ ஓர் இடத்தில் எர்த் செய்யப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரோ தன் மூன்று முனை பிளக் வழியாக வேறோர் இடத்தில் எர்த் ஆகிறது. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சிறிய மின்னழுத்த வித்தியாசம் இருந்தாலும் போதும், கேபிளின் பின்னல் வழியாகவே மின்னோட்டம் ஓட ஆரம்பித்துவிடும். இதற்கு எர்த் லூப் என்று பெயர். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அதே கேபிளை டிவியில் செருகினால் படம் பளிச்சென்று இருக்கும். உடனே "கார்டுதான் மோசம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலான டிவிகளுக்கு இரண்டு முனை பிளக்தான். எர்த் இணைப்பே கிடையாது. லூப் உருவாகவே வழியில்லாத இடத்தில் பட்டை எப்படி வரும்?

யுஎஸ்பி ட்யூனர் என்றால் சோதனை சுலபம். லேப்டாப்பில் செருகி, சார்ஜரைக் கழற்றிவிட்டு, வேறு எதையும் இணைக்காமல் பேட்டரியில் ஓட்டுங்கள். பட்டை மறைந்தால் எர்த் லூப்தான். டெஸ்க்டாப்பில், செட்டாப் பாக்ஸ், மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் செருகியிருக்கும் அதே பவர் ஸ்ட்ரிப்புக்கு மாற்றிப் பாருங்கள். அதிலேயே சரியாகிவிடுவது உண்டு. ஆகாவிட்டால் கேபிளுக்கும் கார்டுக்கும் நடுவில் ஐசோலேட்டர் ஒன்றைப் போடலாம். உள்ளே இருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் டிவி சிக்னலை விட்டுவிட்டு 50 ஹெர்ட்ஸைத் தடுத்துவிடும். ஆனால் அது டிசி-யையும் தடுக்கும். ஆன்டெனா கம்பத்தில் உள்ள பூஸ்டருக்கு அதே கேபிள் வழியாகக் கரண்ட் போகிறது என்றால், கரண்ட் ஏற்றும் பெட்டிக்கும் கார்டுக்கும் நடுவில்தான் ஐசோலேட்டரை வைக்க வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று: கம்ப்யூட்டர் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றுவது. பட்டை போய்விடும், உண்மைதான். உள்ளே ஏதாவது பழுதானால் கரண்ட் போக வழியில்லாமல் கேபினெட் முழுக்க ஷாக் அடிக்கும். கேபிளைக் கையில் பிடிக்கும்போதே சுருக்கென்று இருந்தால், அதற்கு மேல் நீங்கள் தொடாதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சாய்வுக் கோடுகளும் மீன்முள் வடிவமும்

படத்தின் மேல் மெல்லிய சாய்வுக் கோடுகள், சில சமயம் மீன் முள்ளைப் போல இரு பக்கமும் கிளைவிட்டு, நெளிந்துகொண்டே நிற்கும். ஏதோ ஒரு நிலையான அலைவெண் உங்கள் சேனலுக்குள் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த அந்நிய அலைக்கும் சேனலின் படஅலைக்கும் (படத்தைச் சுமந்து வரும் அலை) உள்ள வித்தியாசம்தான் கோடுகளாகத் தெரிகிறது. கோடுகள் நெருக்கமாக இருந்தால் வித்தியாசம் அதிகம், அகலமாக இருந்தால் குறைவு. பால் முறையில் 1 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசம் என்றால் திரையின் அகலத்துக்குள் 52 கோடுகள் விழும்.

இந்த அலை எங்கிருந்து வருகிறது? பல சமயம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்தே வருகிறது. கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ பஸ் ஓடுவது ஏறக்குறைய 33.3 மெகாஹெர்ட்ஸில். அதன் மடங்குகளும் கூடவே கசியும்: 66.7, 100, 133, 166.7, 200 என்று. ஐரோப்பிய முறையில் விஎச்எஃப் (VHF) அலைவரிசையின் 8-ஆம் சேனல் 195 முதல் 202 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. அதன் படஅலை 196.25. கசிந்து வரும் 200 அதற்குள் சரியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வித்தியாசம் 3.75 மெகாஹெர்ட்ஸ், திரையில் ஏறக்குறைய 195 பொடிக் கோடுகள். அடுத்த சேனலுக்கு மாற்றினால் ஒன்றுமே இருக்காது. ஒரே ஒரு சேனலில் மட்டும் சாய்வுக் கோடு வந்து மற்றவை சுத்தமாக இருந்தால், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கேபிள் மோசமாக இருந்தால் ஒரு சேனலோடு நிற்காது.

உறுதி செய்ய ஒரு வழி. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலை மவுஸால் இழுத்து அங்குமிங்கும் ஆட்டுங்கள், பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்யுங்கள். கோடுகளும் சேர்ந்து துடித்தால் குற்றவாளி கேபினெட்டுக்குள்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்தும் பவர் சப்ளையிலிருந்தும் எட்டி இருக்கும் ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். கார்டின் மேல் ஒரு சிறு தகரப் பெட்டி இருக்கும். ட்யூனர் அதற்குள்தான் இருக்கிறது. இரைச்சல் புகாமல் இருக்கத்தான் அந்தத் தகரம். ஹார்டு டிஸ்க் கேபிளோ ஃபேன் வயரோ அதன் மேல் படுத்திருந்தால் ஒதுக்கிக் கட்டுங்கள். கார்டைக் கேபினெட்டோடு இறுக்கும் திருகைப் பலர் போடாமலே விட்டுவிடுகிறார்கள். கார்டு ஆடாமல் இருக்க மட்டுமல்ல, அதன் உலோகப் பட்டை கேபினெட்டோடு நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கவும் அந்தத் திருகு வேண்டும். சில மதர்போர்டுகளின் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் என்றொரு அமைப்பு உண்டு. அதை இயக்கினால் கடிகார அலைவெண் ஒரே இடத்தில் நிற்காமல் கொஞ்சம் பரவும். கூர்மையான கோடுகள் மங்கிவிடும்.

யுஎஸ்பி ட்யூனருக்கு இன்னும் எளிய மருந்து: ஒன்றிரண்டு மீட்டர் யுஎஸ்பி நீட்சிக் கேபிள். கம்ப்யூட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் ட்யூனரைத் தள்ளி வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். கேபிளில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் உருளை ஒன்றைக் கவ்வ விட்டால் இன்னும் நல்லது.

உள்ளே எதை மாற்றினாலும் கோடு அசையவில்லை என்றால், வெளியே பாருங்கள். எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர், பக்கத்தில் இருக்கும் ஏதாவது அடாப்டர். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதைத் தவிர குறுக்குவழி இல்லை. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

நிழல்

ஒவ்வொரு உருவத்துக்கும் வலப்பக்கத்தில் இன்னொரு மங்கல் உருவம். ஒரே சிக்னல் இரண்டு வழியாக வந்து சேர்வதால் வருவது இது. ஒன்று நேராக வருகிறது, மற்றொன்று ஏதோ கட்டடத்திலோ மலையிலோ மோதித் திரும்பித் தாமதமாக வருகிறது. மோதி வந்த பாதை எவ்வளவு சுற்று என்பதைக்கூட அளந்துவிடலாம். படத்தை 640 பிக்சல் அகலத்தில் வைத்தால் ஒரு மைக்ரோ வினாடிக்கு ஏறக்குறைய 12 பிக்சல். நிழல் 24 பிக்சல் தள்ளி விழுந்தால் தாமதம் 2 மைக்ரோ வினாடி. அதற்குள் ரேடியோ அலை 600 மீட்டர் போய்விடும். ஆக, சுற்றி வந்த பாதை 600 மீட்டர் நீளம் அதிகம். இதற்கு ஆன்டெனாவைத் திருப்புவதுதான் வழி. கார்டில் செய்ய ஒன்றுமில்லை.

நிழல் மிக நெருக்கமாக, விளிம்பு தடித்த மாதிரி இருந்தால் கதை வேறு. அப்போது எதிரொலி கேபிளுக்குள்ளேயே நடக்கிறது. டிவி கேபிள்கள் 75 ஓம் கணக்குக்குச் செய்யப்பட்டவை. நசுங்கிய இடம், தளர்ந்த பின், ஸ்ப்ளிட்டரில் (ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) எதுவும் செருகாமல் திறந்து கிடக்கும் முனை என்று அந்தக் கணக்கு கெடும் இடத்தில் எல்லாம் சிக்னலின் ஒரு பகுதி திரும்பி ஓடும். திறந்த முனைகளில் 75 ஓம் மூடியைத் திருகிவிடுங்கள். நிழல் இடப்பக்கம் விழுகிறதா? அசலுக்கு முன்பே வந்துவிட்ட சிக்னல் அது. கேபிள் வழியாகச் சுற்றி வருவதைவிட வேகமாக, காற்றிலிருந்தே ட்யூனரோ ஓட்டைக் கேபிளோ சிக்னலை நேராகப் பிடித்துக்கொள்கிறது. பின்னல் அடர்த்தியான நல்ல கேபிள் போட்டால் தீரும்.

புள்ளிகள்

திரை முழுக்கப் பொடிப் புள்ளிகள் என்றால் சிக்னல் பலவீனம். இதற்குத்தான் எல்லோரும் பூஸ்டர் வாங்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் ஸ்ப்ளிட்டரை எண்ணுங்கள். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஏறக்குறைய 3.5 டெசிபெல் தின்னும், அதாவது பாதிக்கும் மேல். நான்காகப் பிரிப்பது 7 டெசிபெல் அளவுக்கு. இடையில் இருப்பதை எல்லாம் விட்டுவிட்டு, கேபிளை நேராகக் கார்டில் செருகினால் புள்ளி போகிறதா என்று பாருங்கள். போனால், பூஸ்டர் தேவையே இல்லை.

பின்னைக் கழற்றிப் பாருங்கள். வெளிப் பின்னலின் ஒரு மெல்லிய கம்பி வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், பாதிச் சேனல் காணாமல் போய்விடும். நடுக்கம்பியில் பச்சை பூத்திருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் பின் போடுங்கள்.

அப்படியும் பூஸ்டர்தான் வேண்டும் என்றால் அது ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நீளமான கேபிளில் சிக்னல் தேய்ந்து, இரைச்சல் கலந்த பிறகு கார்டுக்குப் பக்கத்தில் பூஸ்டரை வைத்தால் இரைச்சலும்தான் பெருகும். ஏற்கனவே பலமாக வரும் கேபிள் சிக்னலுக்குப் பூஸ்டர் போட்டால் இன்னும் மோசம். ட்யூனர் திணறி, ஒரு சேனலின் படம் இன்னொன்றின் பின்னால் லேசாக மிதக்கும்.

புள்ளிகள் திரை முழுக்க இல்லாமல், குறுக்கே சிறு சிறு கீற்றுகளாக விட்டுவிட்டு வந்தால் அது மோட்டார், மின்விசிறி ரெகுலேட்டர், மிக்ஸி போன்றவற்றின் தீப்பொறி இரைச்சல். நேரம் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

கோளாறே இல்லாத கோளாறுகள்

வேகமாக ஓடும் ஆளின் விளிம்பு பல் பல்லாகப் பிய்ந்து தெரிகிறது. அசையாத படம் சுத்தமாக இருக்கிறது. இது இடையூறே இல்லை. ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் 20 மில்லி வினாடி இடைவெளியில் எடுக்கப்பட்டவை. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒன்றாகக் கோத்துக் காட்டுகிறது. அந்த இடைவெளிக்குள் ஆள் நகர்ந்துவிட்டான். மென்பொருளில் டீஇன்டர்லேஸ் வசதியை இயக்கினால் போதும். விஎல்சி பிளேயரில் வீடியோ மெனுவிலேயே இருக்கிறது.

படத்தின் மேல் விளிம்பில் வெள்ளைக் கீற்றுகள் துடிக்கின்றனவா? டெலிடெக்ஸ்ட் (டிவி சிக்னலோடு வரும் எழுத்துச் செய்திகள்) போன்ற தகவல்கள் படம் தொடங்குவதற்கு முந்தைய வரிகளில் வருகின்றன. டிவி அந்த ஓரத்தைத் திரைக்கு வெளியே ஒளித்துவிடும், கம்ப்யூட்டர் ஒளிப்பதில்லை. வீடியோ டேப்பிலிருந்து பதிவு செய்யும்போது அடி விளிம்பில் சில வரிகள் கிழிந்து தெரிவதும் இப்படித்தான். டேப் இயந்திரத்தின் தலைகள் மாறும் இடம் அது. இரண்டையும் வெட்டிவிட்டால் ஆயிற்று.

கட்டம் போட்ட சட்டையில் வானவில் நெளிந்தால், அது மஞ்சள் பின் முறையின் பிறவிக் குணம். நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் வருவதால் கார்டு பொடிக் கோடுகளை நிறம் என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் எஸ்-வீடியோ இணைப்பு இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். படம் கருப்பு வெள்ளையாக வந்தால் மென்பொருளில் பால், என்டிஎஸ்சி தேர்வைச் சரிபாருங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால், ஏதாவது ஒரு கருவியிலிருந்து மஞ்சள் பின் வழியாகக் கார்டுக்குப் படம் கொடுங்கள். அந்த வழியில் ட்யூனர் வேலை செய்வதே இல்லை. படம் சுத்தமாக வந்தால் கோளாறு ட்யூனரிலோ அதற்கு முந்தைய கேபிளிலோ இருக்கிறது. அதே கோளாறு அங்கேயும் வந்தால் கேபிளை மறந்துவிட்டுக் கம்ப்யூட்டரையும் எர்த்தையும் பாருங்கள்.

டிஜிட்டல் ட்யூனர்

இங்கே கோடும் கிடையாது, நிழலும் கிடையாது. சிக்னல் ஓரளவு மோசமாகும் வரை பிழைதிருத்தக் கணக்கே எல்லாவற்றையும் சமாளித்துவிடும். படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் சட்டென்று கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, காணாமல் போகும். வடிவத்தைப் பார்த்துக் காரணம் சொல்லும் வழி இதில் இல்லை. அதற்குப் பதிலாக ட்யூனர் மென்பொருள் காட்டும் இரண்டு எண்களைப் பாருங்கள்: சிக்னல் பலம், சிக்னல் தரம். பலமும் குறைவு, தரமும் குறைவு என்றால் ஆன்டெனா, கேபிள், ஸ்ப்ளிட்டர் என்று மேலே சொன்ன வழியிலேயே போகலாம். பலம் உச்சத்தில் இருந்து தரம் மட்டும் தரையில் கிடந்தால் பூஸ்டரைக் குறைக்க வேண்டும், அல்லது ஏதோ இரைச்சல் கலக்கிறது.

அந்த இரைச்சல் மொபைல் கோபுரமாகவும் இருக்கலாம். யுஎச்எஃப் (UHF) அலைவரிசை டிவிக்கு ஒரு காலத்தில் 470 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்த இடத்தின் மேல் பகுதி பல நாடுகளில் மொபைல் சேவைக்குப் போய்விட்டது. பழைய பூஸ்டர்கள் அதையும் டிவி என்று நினைத்துப் பெருக்கிக்கொண்டிருக்கும். இதற்கென்றே 4ஜி வடிகட்டி கிடைக்கிறது. அதைப் பூஸ்டருக்கு முன்னால், ஆன்டெனாப் பக்கம் செருக வேண்டும். பின்னால் செருகினால், பூஸ்டர் ஏற்கனவே திணறிக் கெடுத்துவிட்ட சிக்னலைத்தான் அது வடிகட்டிக்கொண்டிருக்கும்.